விவரம் போதாது

பண்டாரவளை பஸ் நிலையத்துக்கு எதிரே
ஸ்டூடியோவுக்கு மேல்மாடியில்
டெரன்ஸ் சொன்னார்:
முப்பத்தையாயிரம். பாஸ்போர்ட்டைத் தாங்க,
மூணு கிழமையில விசா அடிச்சு வரும்.
நீங்க வீட்டுல இருந்து மழையைப் பாருங்க.

மழை பார்க்க எனக்கு ஆள் வேண்டாம்
என்று எழுந்து வந்துவிட்டேன்.
படி இறங்கும்போதே ரஞ்சிதம் கேட்டாள்:
கோபம் காசு மேலயா, அவர் மேலயா?

ஈரோட்டுக் கருவூலத்தில் முப்பத்து நாலு வருஷம்
பிறத்தியார் மனுக்களின் ஓரத்தில்
சிவப்பு மையால்
'விவரம் போதாது' என்று எழுதியவன் நான்.
ஒரு படிவம் என்னை என்ன செய்துவிடும்?

இன்னொன்றும் உண்டு.
எழுபத்தொன்றில், இதே ஊரில்,
கப்பலேற இருந்த அப்பாவிடம்
ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு மனு நிரப்பியவன்
சடையனைச் சாடியன் என்று எழுதினான்.
அப்பா ரேகை வைத்தார்.
அன்றிலிருந்து எல்லாத் தாள்களிலும்
என் தகப்பன்
ஊறுகாய் போடும் பாத்திரம்.

ஆகவே நானே.

கிராம சேவகர் மூன்று தரம் கூட்டத்துக்குப் போயிருந்தார்.
பொலிஸ் கந்தோரில் பேனா கேட்டார்கள், கொடுத்தேன்,
திரும்பி வரவில்லை.
மகன் அனுப்பும் டாலருக்கு
வங்கியில் ஒரு கடிதம்,
அந்தக் கடிதம் உண்மை என்று இன்னொரு கடிதம்.
போட்டோகொப்பிக் கடையில் கரண்ட் போயிற்று,
என் பாஸ்போர்ட்டின் பாதி முகம்
இயந்திரத்துக்குள் நாற்பது நிமிஷம்
இருட்டில் கிடந்தது.

பிறந்த இடம் என்ற கட்டத்தில் பதுளை மாவட்டம் என்று எழுதினேன்.
வசிக்கும் இடம் என்ற கட்டத்திலும் அதையே எழுதினேன்.
கட்டங்கள் ஒன்றையொன்று
திரும்பிப் பார்க்கவில்லை.

இரவு ரயில். மூன்றாம் வகுப்பு.
எதிர் ஆசனத்தில் டெரன்ஸ்.
மடியில் பை, பைக்குள் பதினோரு பேருடைய பாஸ்போர்ட்,
பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி
உட்கார்ந்தபடியே தூங்கினார்.
பட்டிப்பொளையில் குளிர் ஏறியதும் கண் திறந்து
என் கோப்பைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

பத்தரமுல்லையில் டோக்கன் எண் நூற்றுப் பன்னிரண்டு.
கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண்
தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்,
நான் புரட்டுவேனே, அதே மாதிரி,
கட்டைவிரலை நனைத்து.
வங்கிக் கடிதம் முப்பத்தொரு நாள் பழசு.
ஓரத்தில் சிங்களத்தில்
இரண்டு சொல் எழுதித் திருப்பித் தந்தாள்.

எனக்கு அந்த எழுத்து தெரியாது.
வாசித்துவிட்டேன்.

டெரன்ஸ் என் கையிலிருந்து தாளை வாங்கி
பண்டாரவளைக்கு போன் போட்டார்.
வங்கிப் பெண்ணை 'துஷாரி மகள்' என்றார்,
பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்றார்,
பிறகுதான் கடிதம் என்றார்.
எட்டு மாதமாக அந்தக் கவுன்டரில் நிற்கிறேன்,
அவளுக்குப் பிள்ளை இருப்பது எனக்குத் தெரியாது.
இரண்டரைக்குப் புதுக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது.
நாலுக்கு முத்திரை விழுந்தது:
இரண்டு வருஷம்.
தகப்பன் பெயர் சாடியன்.
அதைத் திருத்த வேறு படிவம், வேறு மாடி.
விட்டுவிட்டேன்.

திரும்பும் ரயிலில் பணம் நீட்டினேன்.
வாங்கவில்லை.
இறால் வடை வாங்கிக்கொண்டார், இரண்டு.

வீட்டில் ரஞ்சிதம் கேட்டாள்,
கடைசியில நீங்களா செஞ்சீங்க, ஏஜண்டா?
செருப்பைக் கழற்றிக்கொண்டே
ரயில் தாமதம் என்றேன்.

முப்பத்தையாயிரத்தை எண்ணி
ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறாள்.
இன்னும் ஒட்டவில்லை.
மேலே யார் பெயரும் எழுதவில்லை.